தலைப்பு எண் இல்லாத செலவு

சால்வை ஆறு. சந்தன மாலை ஆறு.
இளநீர் நாற்பது. வந்தவர் ஆறு பேர்தான்;
மீதியைக் குடித்தது யார் என்று
தணிக்கையில் கேட்பார்கள்.
மேசைக் கொடி இரண்டு,
மஞ்சக்குப்பத்து அச்சகத்தில் அடித்தது.
கொரியக் கொடியைத் தலைகீழாக மாட்டியிருந்தோம்,
நீலம் மேலே, சிவப்பு கீழே.
ஆணையர் வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்க
ஓரத்து நாற்காலி அம்மாள்
கொடியைக் கம்பியிலிருந்து உருவினார், புரட்டினார், மாட்டினார்,
மறுபடி குறிப்பெடுக்கத் தொடங்கினார்.
நான் மட்டும் பார்த்தேன்.

ஹேவோன் என்றார்கள் அவர்கள் ஊரை.
அதற்கும் கடல், அதற்கும் ஆறு,
அதற்கும் மூக்கைப் பிடித்து நடந்த ஒரு காலம்.
திரையில் வண்ணம் வண்ணமாய் இலக்குகள்:
இன்ன ஆண்டுக்குள் கடலில் சாக்கடை விழாது.
எந்த வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் பூங்கா.
செலவாகும் ஒவ்வொரு வொன்னும்
ஊரார் கைப்பேசியில் தெரியும்.
கடைசி வரிக்கு
எங்கள் பொறியாளர் இராயப்பன் இருமினார்.

நான் பதினாறால் வகுத்துக்கொண்டிருந்தேன்.
பழக்கம்.
அங்கே ஒரு தலைக்கு ஆகும் செலவில்
இங்கே எத்தனை தலை என்று போட்டுப் பார்த்து
காகிதத்தை மடித்து
டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன்.

ஒப்பந்தத்தில் ஏழு பத்தி.
பரஸ்பரம் என்ற சொல் பதினோரு இடத்தில்.
பணம் என்ற சொல் எங்கும் இல்லை.

மத்தியானம் எல்லோரும் சில்வர் பீச் போனார்கள்.
அந்த அம்மாள் போகவில்லை.
கணக்குப் பிரிவைப் பார்க்க வேண்டுமாம்.
மொழிபெயர்க்க ஜெர்வின்,
ஒரகடத்துக் கார் கம்பெனியில் ஐந்து வருஷம்
திட்டு வாங்கியே கொரியன் கற்றவன்.
மரியாதைச் சொற்கள்தான் அவனுக்குத் தடுமாறும்.

நோ யூன்-சா. வரவு செலவுப் பிரிவு. பத்தொன்பது வருஷம்.
வெள்ளத்தில் ஊறி
வெயிலில் அப்பளமாய்ப் பொரிந்துபோன
எங்கள் பேரேடுகளைத் தொட்டுப் பார்த்தார்.
கதவைச் சாத்தச் சொன்னார்.
ஜெர்வின் குரலைத் தாழ்த்தினான்:
"டிசம்பர் வந்தா இவங்க ஊர்ல
நல்லா இருக்கிற நடைபாதைக் கல்லைப் பேர்த்துட்டு
புதுக்கல் பதிப்பாங்களாம் மேடம்.
பணம் மிஞ்சினா அடுத்த வருஷம் வெட்டிடுவாங்களாம்.
ஜனங்க வாய்க்கு வந்தபடி பேசுமாம்.
இது திரையில வராதாம்."

எனக்கு வந்த சிரிப்பில்
ரப்பர் ஸ்டாம்ப் உருண்டு கீழே விழுந்தது.
ஜெர்வின் வாயைத் திறக்கும் முன்
நான் மூன்று விரலைக் காட்டினேன்.
மார்ச்.
கருவூலத்தில் இரவு பதினொன்றே முக்கால் வரிசை,
புதுப்பாளையத்தில் போன வருஷத் தாரின் மேல்
இந்த வருஷத் தார்.
அவர் என் விரல்களைப் பார்த்தார்,
மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார்.

கெடிலக் கரைக்கு நடந்தோம்.
பாலத் தூணில் பழைய வெள்ளம் விட்டுப்போன கோடு.
குடையை நிறுத்தி அளந்தார்.
ஒன்றரைக் குடை.
அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.
அங்கே குடித்த தேநீர் மூன்று, முப்பத்தாறு ரூபாய்.
ரசீது இல்லை.
எந்தக் கணக்குத் தலைப்பிலும் அது அடங்கவில்லை,
என் பையிலிருந்துதான் கொடுத்தேன்.

ஒப்பந்தக் கோப்பு தலைமைச் செயலகத்தில் இருக்கிறது.
எந்த மேசையில் என்று கேட்டால்
"மேலே" என்கிறார்கள்.

ஐப்பசி முடிந்து மழை நின்றபாடில்லை.
நாலாம் நாள் ஒரு செய்தி,
ஏதோ செயலி தமிழாக்கியது:
"தண்ணீர் அளவு தயவுசெய்து."
நான் எழுதினேன்: பாலத்தில் ஒரு குடை.
முதுநகரில் வீட்டுக்குள் அரை.
புது வடிகாலில் தண்ணீர்
எதிர்ப்பக்கமாக ஓடுகிறது.

வெகுநேரம் பதில் இல்லை.
அப்புறம் ஒரு படம்:
பனி விழும் தெருவோரம்
பேர்த்தெடுத்து அடுக்கிய நல்ல கற்கள்.
பக்கத்தில் சாய்த்துவைத்த அதே குடை.
முக்கால் உயரம் இருக்கும்.